கருவுறும் நாட்களைப் பற்றிப் பேச கிராம செவிலியர்களுக்குப் பயிற்சி தருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கிராம சுகாதார செவிலியர்களுக்கும் துணை சுகாதார நிலையங்களில் இருக்கும் எம்.எல்.எச்.பி. (இடைநிலை சுகாதாரப் பணியாளர்) செவிலியர்களுக்கும் பயிற்சி நடத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழந்தை வேண்டும் என்று வருகிறவர், இப்போதைக்கு வேண்டாம் என்று வருகிறவர், இரண்டு பேருக்கும் தேவைப்படுவது ஒரே அறிவுதான்: மாதத்தில் எந்த நாட்களில் கரு உண்டாகும், அதை எப்படிக் கண்டுகொள்வது. இதைச் சொல்லிக் கொடுக்க அரை நாள் போதும். ஆனால் அதை ஒரு பெண்ணிடம், அவள் வீட்டுத் திண்ணையில், மாமியார் கேட்டுக்கொண்டிருக்கும்போது பேசும் திறன் அரை நாளில் வராது.

பயிற்சிகள் கெட்டுப் போவது பெரும்பாலும் வரிசையில்தான். முதல் நாள் காலையிலேயே கருப்பைப் படத்தைத் திரையில் போட்டு ஹார்மோன் பெயர்களில் ஆரம்பித்தால், மதியத்துக்குள் எல்லாரும் குறிப்பெடுத்து முடித்துவிடுவார்கள், தேர்விலும் எழுதிவிடுவார்கள். ஊருக்குத் திரும்பியதும் பழையபடி "பீரியட்ஸ் முடிஞ்சதும் சேர்ந்திருங்கம்மா, குழந்தை தங்கிடும்" என்றுதான் சொல்வார்கள். இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. முன்கூட்டியே தயார் செய்ய வேண்டியவை

ஆட்கள்: ஒரு குழுவுக்கு 16 முதல் 20 பேர். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவரும் பேசிப் பழக நேரம் இருக்காது. பேசிப் பழகாத பயிற்சியை நடத்தாமலே இருக்கலாம்.

இடம்: கதவை மூட முடிகிற அறை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் கூட்ட அறையைக் கொடுப்பார்கள், அதில் பாதி நேரம் யாராவது ரிப்போர்ட் கேட்டு உள்ளே வந்துகொண்டே இருப்பார்கள். பெண்கள் வெள்ளைப்படுதலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் பதிவேட்டோடு உள்ளே நுழைந்தால், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அந்த அறையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வட்டார மருத்துவ அலுவலரிடம் முன்பே பேசி, அந்த நேரத்தில் யாரையும் கூப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாட்கள்: தொடர்ந்து 3 நாள், ஒரு மாதம் கழித்து இன்னொரு நாள். இந்த நான்காம் நாளைத்தான் எல்லாரும் வெட்டுவார்கள். அதற்கான தேதியை முதல் நாளே குறித்துவிடுங்கள்.

பொருட்கள்: சுவரில் மாட்டும் பழைய மாத காலண்டர்கள் (ஆளுக்கு மூன்று மாதத் தாள்), நான்கு நிறத்தில் பாசிமணி, நூல், கோழி முட்டை, ஒரு மடல் கற்றாழை, கொஞ்சம் மைதாப் பசை, மூடி போட்ட ஒரு அட்டைப்பெட்டி, துண்டுச் சீட்டுகள். கருத்தடை முறைகளின் மாதிரிகள்: நிரோத் (ஆணுறை), மாலா-என் (தினசரி மாத்திரை), சாயா (ஹார்மோன் இல்லாத மாத்திரை), அந்தரா (ஊசி), காப்பர்-டி (கருப்பைக்குள் வைப்பது), அவசர மாத்திரை. கையில் தொட்டுப் பார்க்காத பொருளைப் பற்றி யாரும் தைரியமாகப் பேசுவதில்லை.

அப்புறம் ஒரு பட்டியல். விந்துப் பரிசோதனை பக்கத்தில் எங்கே செய்கிறார்கள், தாலுகா மருத்துவமனையில் மகளிர் மருத்துவர் எந்தெந்த நாள் இருப்பார், எத்தனை மணிக்குப் போனால் டோக்கன் கிடைக்கும். இதை நீங்களே போன் போட்டு உறுதி செய்து, ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பப்பட்ட பெண் பல நேரம் போவதே இல்லை.

2. முதல் மணி நேரம்: சொற்களைக் கொட்டச் சொல்லுங்கள்

உடற்கூறு வேண்டாம், படமும் வேண்டாம். கரும்பலகையில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம் பாடப் புத்தகச் சொல், வலது பக்கம் ஊரில் பெண்கள் சொல்வது. மாதவிடாய்க்கு எதிரே தூரம், வீட்டுக்கு விலக்கு, தீட்டு, தலைக்கு ஊத்திக்கிறது என்று வரிசையாக வரும். கர்ப்பத்துக்கு "முழுகாம இருக்கா", "நாள் தள்ளிப் போயிருக்கு", "விசேஷம்". உடலுறவுக்கு வரும்போது அறை அமைதியாகிவிடும், கொஞ்சம் பொறுங்கள், யாராவது ஒருவர் "சேர்ந்திருக்கிறது" என்பார், அதற்குப் பிறகு மற்றதும் வந்துவிடும்.

இதை முதலில் செய்ய இரண்டு காரணம். ஒன்று, கூச்சம் இங்கேயே உடைய வேண்டும். மற்றது முக்கியமானது: ஊர்ச்சொல்லுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு பெண் "குளிச்சு ஆறாவது நாள்" என்று சொன்னால் அவள் எண்ணத் தொடங்கியது தலைக்குக் குளித்த நாளிலிருந்து. அது பல வீடுகளில் மூன்றாம் நாள், சில வீடுகளில் நான்காம் அல்லது ஐந்தாம் நாள். நம் கணக்கோ ரத்தப்போக்கு தொடங்கிய நாளை 1 என்று வைக்கிறது. மூன்றாம் நாள் குளித்தவளுக்கு அவளுடைய ஆறாவது நாள், உண்மையில் எட்டாவது நாள். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போது, 6-ஆம் பிரிவில் வரும் மணி மாலைக் கணக்குப்படி கருவுறும் நாட்கள் தொடங்கியே விட்டன.

அதனால் கேள்வியை ஒரே மாதிரி கேட்கப் பழக்குங்கள்: "முதல்முதல்ல கறை பட்டது என்னைக்கும்மா?" என்றைக்குக் குளித்தாய் என்று கேட்கக் கூடாது. என்றைக்கு வந்தது என்று மொட்டையாகக் கேட்டாலும் போதாது. இந்த ஒரு வாக்கியத்தைப் பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

3. அவர்களுடைய நம்பிக்கைகளை வெளியே எடுங்கள்

செவிலியர் என்பதால் தவறான நம்பிக்கை இருக்காது என்று எண்ண வேண்டாம். அவர்களும் அதே ஊரில், அதே பாட்டிகளிடம் வளர்ந்தவர்கள். துண்டுச் சீட்டில் பெயர் போடாமல் "சரி" அல்லது "தவறு" எழுதச் சொல்லுங்கள். நான் வைக்கும் கூற்றுகள் இவை: மாதவிடாய் முடிந்த உடனே வரும் நாட்களில்தான் கரு தங்கும். வெள்ளைப்பட்டால் எலும்பு உருகும். முதல் குழந்தைக்கு முன் கருத்தடை பயன்படுத்தினால் பிறகு குழந்தையே பிறக்காது. உடலுறவில் குறை இல்லாத ஆணுக்கு விந்தணுவிலும் குறை இருக்காது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இதெல்லாம் சொல்லக் கூடாது.

சீட்டுகளை எண்ணிப் பலகையில் போடுங்கள். உடனே திருத்தாதீர்கள். புதிதாகப் பயிற்சி கொடுப்பவர்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டம், தவறான விடையைப் பார்த்ததும் நாக்கு துறுதுறுக்கும். ஆனால் அங்கேயே திருத்தினால் அதற்குப் பிறகு யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். எண்ணிக்கை பலகையிலேயே இருக்கட்டும். மூன்றாம் நாள் மாலை அதே கூற்றுகளைத் திரும்பக் கொடுங்கள்.

அட்டைப்பெட்டி இங்கிருந்து தொடங்கி மூன்று நாளும் கதவோரம் இருக்கும். வாய்விட்டுக் கேட்க முடியாததை எழுதிப் போடலாம். ஒவ்வொரு நாள் மாலையும் திறந்து பதில் சொல்லுங்கள். ஒரு பெட்டியில் வந்த சீட்டு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது: "எனக்கே எட்டு வருஷமா குழந்தை இல்லை. இதை நான் எப்படி மத்தவங்களுக்குச் சொல்றது?" அன்றிலிருந்து ஒவ்வொரு பயிற்சியின் தொடக்கத்திலும், இந்த அறையில் இருக்கும் யாருக்கும் இது சொந்த வலியாக இருக்கலாம், எந்த நேரத்திலும் எழுந்து வெளியே போகலாம், காரணம் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

4. காலண்டர் தாளில் சுழற்சியைக் கற்பியுங்கள்

இப்போது பாடம். அதுவும் காலண்டர் தாளில்தான். ஒவ்வொருவரும் மூன்று மாதத் தாளில், கற்பனையான ஒரு பெண்ணுக்கோ தனக்கோ (எது என்று யாரும் கேட்கக் கூடாது) ரத்தப்போக்கு தொடங்கிய நாளைச் சிவப்பு மையால் வட்டமிட வேண்டும். ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்கு முந்தைய நாள் வரை எண்ணினால் அதுதான் சுழற்சியின் நீளம். இங்கேயே பாதிப் பேர் ஒரு நாள் கூட்டி எண்ணுவார்கள், ஏனென்றால் அடுத்த மாதவிடாயின் முதல் நாளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அது புதிய சுழற்சியின் 1-ஆம் நாள் என்று தாளிலேயே காட்டுங்கள்.

அடுத்து, பெரிய தவறு. "14-ஆம் நாள் முட்டை வெளியாகும்." இதைப் படிப்புக் காலத்திலிருந்தே மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். 28 நாள் சுழற்சிக்கு மட்டும் அது ஏறத்தாழ சரி. முட்டை (கருமுட்டை) வெளியாவது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்பு, அதாவது பின்னாலிருந்து எண்ண வேண்டும். பலகையில் மூன்று பெண்களைப் போடுங்கள். 26 நாள் சுழற்சி உள்ளவளுக்கு ஏறக்குறைய 12-ஆம் நாள். 30 நாள் என்றால் 16. 35 நாள் என்றால் 21. மூவரிடமும் 14-ஆம் நாள் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்களையே கேளுங்கள். 35 நாள்காரி குழந்தைக்காக ஒவ்வொரு மாதமும் ஒரு வாரம் முன்னதாகவே முயன்று முயன்று ஓய்ந்து போயிருப்பாள்.

அதற்குப் பிறகு இரண்டு எண்கள்: விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கலாம். முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான். இந்த இரண்டையும் சேர்த்தால் முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய 5 நாளுமாக, கருவுறும் நாட்கள் மொத்தம் 6. முட்டை வந்த பிறகு சேர்ந்தால் போதும் என்று நினைப்பவர்கள் பிந்திவிடுகிறார்கள். விந்தணு முன்பே போய்க் காத்திருக்க வேண்டும். இதைச் சொன்னதும் அறையில் ஒரு "ஓ" எழும்.

ஒன்றைக் கட்டாயம் அழுத்திச் சொல்லுங்கள். பின்னாலிருந்து எண்ணும் கணக்கு நடந்து முடிந்த மாதத்துக்கானது. வரப்போகும் மாதத்தில் சுழற்சி எத்தனை நாள் வரும் என்று யாருக்கும் தெரியாது, காய்ச்சல், மனக்கவலை, இரவு ஷிப்ட் எல்லாம் முட்டை வெளியாவதைத் தள்ளிப் போடலாம். கைபேசிச் செயலிகளும் பழைய கணக்கை வைத்துத்தான் நாளைக் கணிக்கின்றன. அதனால்தான் உடம்பே காட்டும் அடையாளத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

5. முட்டை, கற்றாழை, மைதாப் பசை

கருப்பை வாயிலிருந்து வரும் கசிவு மாதத்துக்குள் மாறிக்கொண்டே இருக்கும். மாதவிடாய் முடிந்ததும் பலருக்குச் சில நாள் உலர்வாக இருக்கும். பிறகு பசை மாதிரி கெட்டியாக, அப்புறம் ஈரமாக, முட்டை வெளியாகும் நாட்களை ஒட்டி வழவழப்பாக, தெளிவாக, இழுத்தால் நீளும்படி. அதன் பிறகு மறுபடி கெட்டியாகும் அல்லது உலர்ந்துவிடும்.

இதை வாயால் சொல்ல வேண்டாம். ஒரு கிண்ணத்தில் மைதாப் பசை, இன்னொன்றில் முட்டையின் வெள்ளைக்கரு. ஒவ்வொருவரும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எடுத்து மெதுவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பசை உடனே அறுந்துவிடும், விரலில் திட்டாக ஒட்டும். வெள்ளைக்கரு அறுபடாமல் கண்ணாடி நூல் மாதிரி நீளும். முட்டை தொடாதவர்களுக்குக் கற்றாழையின் சோறு. அதைச் சீவியவுடனே விரலில் எடுத்தால் அதே வழவழப்பு இருக்கும். விரல் நினைவில் வைத்துக்கொண்டதை மூளை மறப்பதில்லை.

தினமும் இரண்டு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளும் முறை ஒன்று உண்டு, படிப்பறிவு இல்லாத பெண்களுக்கும் எளிது: இன்று கசிவு இருந்ததா? நேற்று இருந்ததா? இரண்டில் எதற்காவது ஆம் என்றால் இன்று கரு உண்டாக வாய்ப்புள்ள நாள். இரண்டுக்கும் இல்லை என்றால் வாய்ப்பு குறைவு. நிறம், இழுவை எதையும் ஆராய வேண்டியதில்லை.

இந்த இடத்தில் "எலும்பு உருகுது" வந்தே தீரும். வெள்ளைப்படுதல் என்றாலே உடம்பு கரைகிறது என்று பயந்து வாழும் பெண்கள் நம் ஊரில் ஏராளம். சிரிக்காமல், அலட்சியப்படுத்தாமல், எது இயல்பு, எது நோய் என்று பிரித்துச் சொல்லப் பழக்குங்கள். துர்நாற்றம், அரிப்பு, பச்சை அல்லது மஞ்சள் நிறம், தயிர் திரிந்தது போன்ற கட்டி, அடிவயிற்று வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தொற்று இருக்கும்போது கசிவை வைத்து நாள் பார்ப்பதும் சரிவராது.

காலை வெப்பநிலை பார்க்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். முட்டை வெளியான பிறகுதான் உடல் வெப்பம் லேசாக ஏறும், அதனால் அது முன்கூட்டிச் சொல்லாது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடிக்க ஓடும் பெண்ணிடம் படுக்கையிலேயே இருந்து தெர்மாமீட்டர் வைக்கச் சொல்வதில் அர்த்தமும் இல்லை.

6. மணி மாலை: யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

32 மணி கோர்க்கச் சொல்லுங்கள். 1 சிவப்பு, 6 பழுப்பு, 12 வெள்ளை, 13 பழுப்பு. கடைசிப் பகுதியில் 27-ஆவது மணி மட்டும் அடர்ந்த நிறத்தில் இருக்கட்டும். மாதவிடாய் தொடங்கும் நாளில் ரப்பர் வளையம் சிவப்பு மணியில், பிறகு தினம் ஒன்று. வெள்ளை மணி நாட்கள், அதாவது 8 முதல் 19 வரை, கரு உண்டாகலாம். குழந்தை வேண்டாதவர்கள் அந்த 12 நாளும் தவிர்க்க வேண்டும் அல்லது ஆணுறை பயன்படுத்த வேண்டும். கருவுறும் நாட்கள் 6 என்று சொல்லிவிட்டு 12 நாள் ஏன் என்று கேட்பார்கள். சுழற்சி மாதாமாதம் முன்பின் ஆவதற்கான இடம் அது.

கோர்த்து முடித்ததும் எல்லாருக்கும் மாலை பிடித்துவிடும். இங்கேதான் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். சுழற்சி பெரும்பாலும் 26 முதல் 32 நாளுக்குள் வருபவர்களுக்கு மட்டும்தான் இது. அடர்ந்த மணிக்கு வளையம் வருவதற்கு முன்பே மாதவிடாய் வந்தால் சுழற்சி சிறியது. கடைசி மணியைத் தாண்டியும் வரவில்லை என்றால் நீண்டது. வருடத்தில் இரண்டாவது முறை இப்படி ஆனால் வேறு முறைக்கு மாற வேண்டும். பிள்ளை பெற்று மாதவிடாய் இன்னும் ஒழுங்காகாதவர், பால் கொடுப்பவர், அந்தரா ஊசியையோ மாத்திரையையோ சமீபத்தில் நிறுத்தியவர், அவசர மாத்திரை போட்டவர், மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கியவர், யாருக்கும் உடனே கொடுக்கக் கூடாது. கணவன் ஒத்துழைக்காத வீட்டிலும் கூடாது. குடித்துவிட்டு வருபவனிடம் "இன்னைக்கு வெள்ளை மணி" என்று சொல்லும் நிலையில் அவள் இருக்கிறாளா என்று முதலில் தெரிய வேண்டும்.

எண்களை மறைக்கக் கூடாது. முற்றிலும் சரியாகப் பின்பற்றினால் ஓராண்டில் 100 பெண்களில் சுமார் 5 பேர் கருத்தரிக்கிறார்கள், சாதாரணமாக வீட்டில் நடக்கும் விதத்தில் சுமார் 12 பேர். காப்பர்-டி போட்டவர்களில் இது 1-க்கும் கீழே. பால்வினை நோய்க்கு இந்த முறை எந்தப் பாதுகாப்பும் தராது. இன்னொரு கர்ப்பம் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொன்ன பெண்ணுக்கு மணி மாலையைக் கொடுத்து அனுப்புவது பெரிய தவறு.

பால் கொடுக்கும் தாய்க்குத் தனிக் கணக்கு. குழந்தைக்கு 6 மாதம் ஆகவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே, மாதவிடாய் திரும்பவில்லை என்ற மூன்றும் சேர்ந்து இருந்தால் 98 சதவீதத்துக்குக் குறையாத பாதுகாப்பு. சர்க்கரைத் தண்ணீரோ புட்டிப்பாலோ தொடங்கிய அன்றே அந்தப் பாதுகாப்பை நம்பக் கூடாது. "பால் குடுக்கிறவரைக்கும் நிக்காது" என்று நம்பி, மாதவிடாய் வராமலே அடுத்த கர்ப்பம் தரித்த பெண்களை எல்லா செவிலியர்களும் பார்த்திருப்பார்கள், அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

7. குழந்தைக்காகக் காத்திருப்பவர்களிடம் முதலில் மாதத்தை எண்ணுங்கள்

12 மாதம் தடையில்லாமல், கருத்தடை இல்லாமல் சேர்ந்திருந்தும் கருத்தரிக்கவில்லை என்றால் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பெண்ணுக்கு வயது 35-ஐத் தாண்டியிருந்தால் 6 மாதம். மாதவிடாயே வராதவர், இடுப்பெலும்புக் குழியில் தொற்று வந்தவர், காசநோய்க்கு மருந்து எடுத்தவர் ஆகியோரைக் காத்திருக்க வைக்காமல் உடனே அனுப்புங்கள். காசநோய் கருக்குழாயையும் கருப்பையையும் பாதிக்கக்கூடியது, ஆனால் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டு நிறுத்துவதுதான் இங்கே வழக்கமான தவறு. கல்யாணமாகி இரண்டு வருஷம் என்பாள். ஆடி மாதம் அம்மா வீட்டில், கணவன் எட்டு மாதம் துபாயில், மீதி நாளில் அவன் லாரியில் வடக்கே போய்வருகிறவன் என்றால் சேர்ந்திருந்த மாதம் எத்தனை? உட்கார்ந்து கணக்குப் போட்டால் நான்கு அல்லது ஐந்து வரும். அவளுக்குத் தேவை கருவுறும் நாட்களைப் பற்றிய விளக்கம், அவன் வந்து தங்கும் நாட்களை அதோடு பொருத்திப் பார்க்கும் உதவி. அதற்குள் ஊரே அவளைக் கோயில் கோயிலாக அனுப்பியிருக்கும்.

ஆணையும் அதே நாளில் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளிது, வலி கிடையாது, செலவும் குறைவு. அப்படியிருந்தும் பெண்ணுக்கு எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான் அவன் வருகிறான். பயிற்சியில் இதன் விவரங்களையும் கொடுங்கள்: 2 முதல் 7 நாள் உடலுறவோ சுய இன்பமோ இல்லாமல் இருந்து மாதிரி கொடுக்க வேண்டும், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும், சாதாரண ஆணுறையில் எடுத்துப் போகக் கூடாது. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகும் ஊர்க்காரர் அங்கேயே போய்த்தான் கொடுக்க வேண்டும். புகையிலையை நிறுத்தினாலும் பலன் அடுத்த வாரமே தெரியாது, புது விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய 3 மாதம் பிடிக்கும். ஆண்களிடம் பேச சுகாதார ஆய்வாளர்களையும் ஒரு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பெண் செவிலியர் சொல்லிக் கேட்காத கணவன் அவர் சொன்னால் சில நேரம் கேட்கிறான்.

கருத்தரிக்க விரும்புகிற எல்லாப் பெண்களுக்கும் ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம், கரு உண்டாவதற்கு முன்பிருந்தே. நாள் தள்ளிப் போன பிறகு தொடங்கினால் குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகும் காலத்தைத் தவறவிட்டுவிடுவோம்.

எந்த நாளில் சேர்ந்தால் ஆண் குழந்தை என்று கண்டிப்பாக யாராவது கேட்பார்கள், பயிற்சியிலும் கேட்பார்கள். கணக்கு எதுவும் இல்லை, அப்படிச் சொல்வதும் நம் வேலை இல்லை என்று ஒரே வாக்கியத்தில் முடிக்கப் பழக்குங்கள். பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நினைவுபடுத்துங்கள்.

8. பேசிப் பழகுவது: இரண்டாம் நாள் மதியத்திலிருந்து

நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். மூன்று மூன்று பேராக உட்காரட்டும். ஒருவர் செவிலியர், ஒருவர் வந்திருக்கும் பெண், மூன்றாமவர் ஒன்றும் பேசாமல் கவனித்து எழுதுகிறவர். 8 நிமிடம் பேச்சு, 5 நிமிடம் கருத்து. பிறகு இடம் மாறுவது. மூன்று பேரும் மூன்று இடத்திலும் உட்கார்ந்தாக வேண்டும், ஏனென்றால் வந்திருக்கும் பெண்ணாக உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் அறிவுரை எப்படி வலிக்கும் என்று தெரியும்.

முதல் சுற்றில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். வந்தவள், "சிஸ்டர், ரெண்டு வருஷமா குழந்தை இல்ல" என்பாள். செவிலியர் உடனே, "கவலைப்படாதம்மா, எல்லாம் சரியாயிடும், உடம்பைக் குறை, டென்ஷன் ஆகாத" என்று தொடங்கி மூன்று நிமிடம் நிறுத்தாமல் பேசுவார். கவனித்து எழுதியவர் கேள்விகளை எண்ணிச் சொல்வார்: ஒன்றுகூட இல்லை.

இரண்டாம் சுற்றுக்கு ஒரு விதி வையுங்கள். முதல் 3 நிமிடம் எந்தத் தகவலும் சொல்லக் கூடாது, கேட்கவும் கேட்டதைத் திருப்பிச் சொல்லவும் மட்டும்தான் அனுமதி. ஒரு பயிற்சியில் நடந்ததை அப்படியே தருகிறேன்.

"ரெண்டு வருஷமா குழந்தை இல்ல சிஸ்டர்."

"ரெண்டு வருஷமா காத்திருக்கீங்க."

"ஆமா." பிறகு மௌனம். செவிலியராக நடித்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

"வளைகாப்புக்கு யாரும் கூப்பிடறதில்ல சிஸ்டர். அத்தை மாத்திரை வாங்கிக் குடுக்கறாங்க, எதுக்குன்னு தெரியல."

"என்ன மாத்திரைன்னு பாத்தீங்களாம்மா? அடுத்த தடவை அட்டையை எடுத்துட்டு வர முடியுமா?"

அந்த மௌனம் 6 நொடி இருக்கும். மாத்திரை விஷயம் அதனால்தான் வெளியே வந்தது. மௌனத்தை நிரப்பாமல் இருப்பதை ஒரு திறனாகவே கற்பிக்க வேண்டும், மனசுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்கும் விதத்தையும் திருத்திக்கொண்டே வாருங்கள். "ஏன் இத்தனை நாள் வரல?" என்பது குற்றச்சாட்டு. "இத்தனை நாள் வர என்ன தடையா இருந்துச்சு?" என்றால் பதில் வரும். "வாரத்துக்கு எத்தனை தடவை?" என்று எடுத்த எடுப்பில் கேட்காமல், "குழந்தை விஷயமா வர்ற எல்லாருகிட்டயும் கேக்கற கேள்விதான், உங்களுக்குச் சொல்ல இஷ்டம்னா சொல்லுங்க" என்று வாசல் திறந்துவிட்டுக் கேட்கலாம். மலடி என்ற சொல்லும் "குறை உன்கிட்டயா அவர்கிட்டயா" என்ற கேள்வியும் செவிலியர் வாயிலிருந்து வரவே கூடாது.

மூன்றாம் சுற்றில் மாமியாரைச் சேருங்கள். நான்காவதாக ஒருவர் நடிக்கட்டும், எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொல்லட்டும். அந்த அம்மாவை விரட்டக் கூடாது, வீட்டில் முடிவெடுப்பவர் அவர்தான், பகைத்துக்கொண்டால் அடுத்த முறை மருமகளை அனுப்ப மாட்டார். எங்கள் செவிலியர்கள் கண்டுபிடித்த வழி நன்றாக வேலை செய்கிறது: "அம்மா, உங்ககிட்டயும் பேசணும். முதல்ல இவங்களுக்கு எடையும் பிரஷரும் பாத்துட்டு வந்துடறேன், உக்காந்திருங்க." எடை மெஷின் உள் அறையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரகசியம் காப்பதைப் பற்றிப் பேசும்போது எல்லையையும் சொல்லிவிடுங்கள். 18 வயது நிரம்பாத பெண் கர்ப்பம் என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) தகவல் தெரிவிக்கும் கடமை உண்டு. அதனால் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே சத்தியம் செய்து கொடுக்கக் கூடாது, பிறகு அந்தப் பெண் ஏமாற்றப்பட்டதாக உணர்வாள். வீட்டில் அடி விழுகிறது என்று தெரிந்தால் 181 பெண்கள் உதவி எண்ணைக் கொடுக்கலாம், காகிதத்தில் எழுதிக் கொடுக்காமல் மனப்பாடம் செய்ய வைப்பது நல்லது.

9. தேர்வு எப்படி வைப்பது

எழுத்துத் தேர்வு மட்டும் வைத்தால் எழுதத் தெரிந்தவர் தேறிவிடுவார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 10 நிமிடம், உங்கள் முன்னால் ஒரு பேச்சு. நான் பார்ப்பது இவைதான்: ரத்தப்போக்கின் முதல் நாளைக் கேட்டாரா, கடைசி மூன்று சுழற்சியைக் காலண்டரில் குறித்தாரா, அவளுக்குக் குழந்தை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டாரா (இதை ஊகித்துக்கொள்பவர்கள் அதிகம்), குறைந்தது ஒரு மௌனத்தைப் பொறுத்தாரா, சொன்னதை அவள் வாயால் திருப்பிச் சொல்ல வைத்தாரா. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் அவருகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்று கேட்க வேண்டும்.

தேறாதவரைத் திட்ட வேண்டாம், அடுத்த குழுவில் மறுபடி உட்கார வையுங்கள். நடுவில் அவரை யாரோடாவது களத்துக்கு அனுப்பினால் இன்னும் நல்லது.

10. ஒரு மாதம் கழித்து வரும் நான்காம் நாள்

போகும்போது ஒவ்வொருவரிடமும் ஒரு வேலை கொடுத்து அனுப்புங்கள்: ஒரு மாதத்தில் 5 பெண்களிடம் பேசி, பெயர் இல்லாமல் ஆளுக்கு அரைப் பக்கம் எழுத வேண்டும். என்ன கேட்டாள், என்ன சொன்னேன், எங்கே தடுமாறினேன். அந்தத் தாள்கள்தான் நான்காம் நாளின் பாடம்.

அன்று புதிதாக ஒன்றும் கற்பிக்காதீர்கள். தடுமாறிய இடங்களை எடுத்து மறுபடி மூன்று மூன்று பேராக நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அனுப்பிய பெண்களில் எத்தனை பேர் உண்மையில் மருத்துவமனைக்குப் போனார்கள், போகாதவர்களை எது தடுத்தது என்றும் கேளுங்கள். சில நேரம் காரணம் மிகச் சின்னதாக இருக்கும். ஒரு ஊரில் மகளிர் மருத்துவர் இருக்கும் நாள், அந்த ஊர்ச் சந்தை நாளாக இருந்தது, பூக்காரப் பெண்கள் யாராலும் போக முடியவில்லை. நாளை மாற்றித் தர முடியவில்லை, ஆனால் அந்தச் செவிலியர் காலை ஏழு மணி டோக்கனுக்குப் பேசி வைத்தார், சந்தை கூடுவதற்குள் அவர்கள் திரும்பிவிட்டார்கள். அந்தத் தகவலை முதல் பிரிவில் சொன்ன ஒரு பக்கப் பட்டியலில் சேர்த்து, எல்லாருக்கும் புதுப் பிரதி எடுத்துக் கொடுங்கள்.